ஆயிரம் ரூபாயை அளப்பது: ஆய்வாளர் கேள்வி-பதில்

குடும்ப ஆய்வு செய்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில்.

பல்லடம்: ஒரு ரேஷன் கார்டை ஒரு குடும்பமாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கார்டு, பணம் கொடுக்க அரசு வைத்துக்கொண்ட அலகு. உங்கள் ஆய்வுக்கு அடுப்புதான் அலகு. ஒரே வளவில் அப்பனுக்கு ஒன்று, மகன்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று என மூன்று கார்டு இருக்கும். சோறு ஒரே குண்டாவில் வேகும். கார்டுக்கு ஆயிரமாக அந்த வீட்டுக்கு மாதம் 3,000 வந்துகொண்டிருக்கலாம், நீங்கள் ஆயிரம் என்று எழுதிவிட்டு வருவீர்கள். எத்தனை கார்டு, எத்தனை அடுப்பு என்று முதல் பக்கத்திலேயே கேளுங்கள்.

குமாரபாளையம்: 384 பேர் போதும் என்கிறார் வழிகாட்டி. 12 தெரு, தெருவுக்கு 32 வீடு எடுத்திருக்கிறேன்.

ஊர் முழுக்கக் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்தால், 5 சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தைச் சொல்ல 384 போதும். விசைத்தறித் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே கூலி, ஒரே மாதிரிக் கடன். 32 வீடு கேட்டாலும் பதினைந்து பதினாறு வீடு கேட்ட தகவல்தான் கிடைக்கும். தெருக்களைக் கூட்டி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள், 770 போல வரும். முடியாதென்றால் 40 தெரு, தெருவுக்குப் பத்து வீடு. அலைச்சல் கூடும், வேறு வழியில்லை.

திருப்பூர்: மாதச் செலவைக் கேட்டால் எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை கூலி வாங்கும் ஊரில் மாதக் கணக்கு யாரிடம் இருக்கும்? தேசிய மாதிரி ஆய்வின் முறையை அப்படியே வையுங்கள்: எண்ணெய், முட்டை, கறி, காய், பழத்துக்கு 7 நாள், அரிசி, பருப்பு, காஸுக்கு 30 நாள், துணிமணி, பள்ளிக் கட்டணம், பாத்திர பண்டத்துக்கு 365 நாள். இன்னொன்று, தொகை 15-ம் தேதி வாக்கில் கணக்கில் ஏறுகிறது. பேட்டிகளை 16-க்கும் 20-க்கும் நடுவில் முடித்துவிட்டால் எல்லா வீட்டிலும் கறி வெந்திருக்கும். நான்கு வாரத்துக்கும் பரப்புங்கள்.

ஊர் பெயர் இல்லை: உரிமைத் தொகை பற்றி ஒரு கேள்வித்தாள் அனுப்பவும். அவசரம்.

எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அனுப்புவதாக இல்லை.

நாமக்கல்: தொகை பெறும் 150 பெண்களில் 94 சதவீதம் பேர் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததாகச் சொன்னார்கள். கை-ஸ்கொயர், டி-டெஸ்ட் இரண்டில் எந்தப் புள்ளியியல் சோதனையைப் போடுவது?

எதுவும் போட வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து நின்று, மாதாமாதம் வரும் பணத்தைப் பற்றி “பரவால்லீங்களா?” என்று கேட்டால், “நல்லாத்தானுங்க இருக்குது” என்பதைத் தவிர என்ன சொல்வார்கள்? மாற்றிச் சொன்னால் பேரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. உங்கள் 94 சதவீதம் அளந்தது அவர்களுடைய மரியாதையை. தலைப்பில் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதே ஆய்வு வந்துகொண்டே இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? வாங்காதவர்களோடு என்பீர்கள். அதுவும் தப்பு. 2023 விதிப்படி வாங்காதவர்களில் பலர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியவர்கள், கார் வைத்திருப்பவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போவதற்கும் ஆயிரம் ரூபாய்க்கும் சம்பந்தமில்லை.

விதியின் எல்லைக் கோட்டுக்குப் போங்கள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பது ஒரு விதி. மற்ற விதிகளில் தகுதியுள்ள வீடுகளில் 3,300 முதல் 3,600 வரை ஓட்டியவர்கள் ஒரு பக்கம், 3,600 முதல் 3,900 வரை மறுபக்கம். இவர்களுக்குள் வசதியில் பெரிய வித்தியாசம் இருக்காது. 3,600-ஐத் தாண்டும்போது பணம் வரும் வீடுகளின் விகிதம் உண்மையிலேயே குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறையவில்லை என்றால் இந்த வழி உதவாது. பில்லை வாங்கிப் பாருங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். அதுவும் 2023 ஜூலைக்கு முந்தைய ஓராண்டின் ஆறு பில். அந்த மாதம் 24-ம் தேதி தருமபுரி மாவட்டம் தொப்பூரில் விண்ணப்ப முகாம் தொடங்கிய பிறகு விதி ஊருக்கே தெரிந்துவிட்டது. தறிக்கான மின் இணைப்பைச் சேர்க்காதீர்கள். பணம் வந்ததா என்பதை வைத்து வீடுகளைப் பிரிக்கவும் வேண்டாம். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை வைத்துப் பிரியுங்கள். அலைந்து திரிந்து வாங்கியவர் எதிலும் சுறுசுறுப்பானவராக இருப்பார், அது கணக்கைக் கெடுக்கும்.

“ஆயிரத்தை எதற்குச் செலவு செய்தீர்கள்?” என்ற கேள்வியையும் அடித்துவிடுங்கள். கூலியும் தொகையும் ஒரே டப்பாவில் விழுந்த பிறகு எந்த நோட்டு மருந்துக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? வங்கிக் குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது, ஏடிஎம் கார்டு யார் பையில் இருக்கிறது, கடைசியாகப் போய் எடுத்தது யார் என்று கேளுங்கள். பாஸ்புக்கைப் பார்த்தால் குறைந்தபட்ச இருப்புக்கென வங்கி பிடித்ததும் தெரியும்.

காங்கேயம்: நிலம் அதிகம், வருமானம் குறைவு என்ற குடும்பங்கள் இங்கே விடுபட்டிருக்கின்றன. ஆய்வில் சேர்க்கலாமா?

அவசியம். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்பது 2023 விதியின் வரம்பு. மூலனூர் பக்கம் 12 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர் பட்டாவில் பெரிய விவசாயி. கிளுவை வேலிக்குள் இருப்பது கொழுக்கட்டைப் புல்லும் நாலு மாடும்தான். 8 முதல் 10 ஏக்கர், 10 முதல் 12 ஏக்கர் என ஒப்பிடுங்கள். கூட்டுப் பட்டாவில் தாத்தா பெயர் இருந்தால் பங்கைக் கேட்டு எழுதுங்கள். வீடுகள் குறைவாகத்தான் கிடைக்கும். எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீர்கள்.

பவானி: கணவர் பிடுங்கிக் குடிக்கிறாரா என்று எப்படிக் கேட்பது?

நேராகக் கேட்காதீர்கள், அவர் திண்ணையில் இருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள். பாதிப் பெண்களுக்கு நான்கு சாதாரண வாக்கியங்களைப் படியுங்கள், மீதிப் பேருக்கு அதே நான்கோடு “கணவர் இந்தப் பணத்தில் குடித்தார்” என்ற ஐந்தாவதையும். எத்தனை பொருந்தும் என்ற எண்ணிக்கையை மட்டும் வாங்குங்கள், எது எது என்று கேட்க வேண்டாம். யாருக்கு எந்தத் தாள் என்பதைக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். சராசரி ஒரு பக்கம் 2.1, மறுபக்கம் 2.3 என்றால் வித்தியாசம் 0.2, அதாவது சுமார் 20 சதவீத வீடுகளில் அது நடக்கிறது. பக்கத்துக்கு 300 பேராவது இல்லாவிட்டால் இதைத் தொடாதீர்கள்.

கோபி: காலை உணவுத் திட்டத்தால் வருகை கூடியதா என்று பார்க்க வேண்டும்.

அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 2023 ஆகஸ்ட் 25-ல் விரிந்தது, ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல். நடுவில் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு. அக்கம்பக்கத்து அரசுப் பள்ளியையும் உதவிபெறும் பள்ளியையும் அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் வைத்துப் பாருங்கள். நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளைத் தனியே குறியுங்கள். கடந்த ஆண்டுகளுக்குப் பதிவேடுதான் கதி. அது எவ்வளவு நம்பத்தக்கது என்று அறிய இப்போது சொல்லாமல் போய்த் தலையெண்ணி, அன்றைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கம்பெனி வேலைக்குப் போகும் அம்மா எட்டரை மணி ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வேன் ஏறுகிறார் என்பதையும் கேளுங்கள். குடும்பத்தில் மாற்றம் அங்கேதான் தெரியும்.

அவிநாசி: தொகை பெறாத வடமாநிலக் குடும்பங்களை ஒப்பீட்டுக்கு எடுக்கலாமா?

கூடாது. நாமக்கல்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.