பாஸ் ஏன் செத்தும் எழுகிறான்? கேள்வி பதில்

ப்ரோ, வீடியோ கேமில் ஒரு பாஸுக்கு, அதாவது பெரிய எதிரிக்கு, எதற்கு மூன்று கட்டம்? அவன் உயிரளவைக் காட்டும் ஹெல்த் பாரை நீளமாக்கினால் போதாதா?

நீளமாக்கினால் சண்டை நீளும், அவ்வளவுதான். கட்டம் மாறும்போது ஏற்கெனவே கற்ற பாடம் வேறு வேஷத்தில் வர வேண்டும். 2019-இல் வந்த செகிரோ கேமில் கெனிசிரோ என்ற பாஸைப் பாருங்கள். இரண்டு கட்டம் வரை வாளை வாளால் தடுத்துப் பழகியிருப்பீர்கள். மூன்றாவதில் மேலுடையை உதறிவிட்டு மின்னலை வீசுவான். தரையில் நின்று தடுத்தால் அடிதான். குதித்து அந்தரத்தில் மின்னலை வாங்கி, கால் தரையில் படுமுன் தாக்கினால் அது அவன் மேலேயே பாயும். பிறகு கடைசி பாஸ் இஷினின் இறுதிக் கட்டத்திலும் மின்னல் வரும். பாடம் தெரிந்தவருக்கு அது பயமல்ல, பரிசு!

செத்துவிட்டதாகக் காட்டிவிட்டு எழுப்புவது ஏமாற்று இல்லையா?

ஏமாற்றுதான். ஆனால் ஒருமுறைதான் செல்லும். அதே கேமில் ராட்சதக் குரங்கின் தலையை வெட்டியதும் வெற்றி எழுத்து திரையில் வரும். அப்புறம் தலையை ஒரு கையில் பிடித்தபடி எழுந்து நிற்கும். அடுத்த முயற்சியில் அதிர்ச்சி இருக்காது. மிஞ்சுவது சண்டை. அது நன்றாகவே இருக்கிறது: மேலிருந்து இறக்கும் வாளைச் சரியான நொடியில் தடுத்தால் குரங்கு நிலைகுலைந்து விழும்.

மூன்றாவது கட்டத்தில் செத்தால் மறுபடி முதலிலிருந்தா? நடுவில் செக்பாயிண்ட் வைத்து, செத்தால் அங்கிருந்தே தொடர விட்டால் என்ன?

வைத்தால் கட்டங்கள் தனித்தனிச் சண்டையாகிவிடும். முதல் கட்டத்தை அடிபடாமல் முடித்து மருந்தை மிச்சம் பிடிப்பதுதான் எல்லாவற்றையும் கோக்கும் நூல். ஆனால் தெரிந்தவர் அதைச் சட்டென்று தாண்ட முடிய வேண்டும். நான் செய்த ஒரு பாஸில் முதல் கட்டமே நான்கு நிமிடம், கடைசியில் ஒரே அடியில் சாவு. சோதித்துப் பார்த்த நண்பர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முதல் கட்டத்தை இரண்டு நிமிடத்துக்கும் கீழே வெட்டினேன். கப்ஹெட் என்ற கேம் செய்வதும் நல்ல மருந்து: செத்ததும் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று ஒரு கோட்டில் காட்டும். முடிவு இரண்டு விரல்கடைதான் என்று தெரிந்தால் யார் விடுவார்கள்?

கட்டங்களுக்கு நடுவில் வரும் காட்சியைத் தாண்ட விடலாமா சார்?

இரண்டாம் முறையிலிருந்து கட்டாயம்.

அடுத்த கட்டத்தை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் கேம் உண்டா?

2011-இல் வந்த டார்க் சோல்ஸில் ஆர்ன்ஸ்டீன், ஸ்மௌ ஜோடி. ஒருவனைக் கொன்றால் மற்றவன் அவன் சக்தியையும் எடுத்துக்கொண்டு, முழு ஹெல்த்தோடு நிற்பான். நான் எப்போதும் ஸ்மௌவைத்தான் கடைசிக்கு வைப்பேன். மெதுவானவன்.