9000 லுமென்ஸ் என்றார்கள், வெளிச்சம் எங்கே?

கேள்வி: பெட்டியில் ‘9000 லுமென்ஸ்’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் புரொஜெக்டர் வாங்கினேன். பகலில் பயிற்சி வகுப்பு எடுத்தால் எழுத்தே தெரியவில்லை. அலுவலகத்தில் கிடக்கும் பழைய 3000 லுமென்ஸ் புரொஜெக்டரோ பளிச்சென்று தெரிகிறது. தேர்ந்தெடுத்ததில் என் தப்பா?

பதில்: உங்கள் தப்பு எதுவுமில்லை. இதே மாதிரி ஒன்று என் பரணிலும் கிடக்கிறது. இருட்டறையில்கூட அதன் படம் சோகை பிடித்தாற்போல் இருக்கும்.

வெறுமனே ‘லுமென்ஸ்’ என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. அமெரிக்கத் தர அமைப்பின் பெயரில் வரும் ‘ஆன்சி லுமென்ஸ்’ என்பதற்குக் கணக்கு இருக்கிறது: திரையில் விழும் படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். புரொஜெக்டருக்கான சர்வதேசத் தரமான ‘ஐஎஸ்ஓ 21118’ என்று போட்டிருந்தாலும் நம்பலாம். மலிவுப் பெட்டிக்காரர்களில் சிலர் உள்ளே இருக்கும் எல்இடி கக்குவதைக் கணக்கில் காட்டுகிறார்கள். லென்ஸைத் தாண்டி வெளியே வருவது அதில் சொற்பம். அளக்கும் சிரமம்கூட இல்லாமல் வாய்க்கு வந்ததை அச்சடிப்பவர்களும் உண்டு.

இவர்களே ‘1080பி சப்போர்ட்’ என்றும் போடுவார்கள். 1920×1080 புள்ளிகள் கொண்ட அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே படத்தை உருவாக்கும் பேனல் 800×480 புள்ளிகளாக இருக்கலாம். அதில் எக்செல் ஷீட்டைக் காட்டிப் பாருங்கள், எண்களெல்லாம் எறும்புக் கூட்டமாகிவிடும். பேனலின் உண்மையான புள்ளிக் கணக்கைச் சொல்லும் ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரி விவரப் பட்டியலில் இல்லையென்றால் மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். கெடு முடிவதற்குள் ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதினால் அனுப்பும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கேள்வி: அறையில் புரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே 3 மீட்டர்தான். எவ்வளவு அகலப் படம் கிடைக்கும்?

பதில்: ‘த்ரோ ரேஷியோ’ (தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1.5 என்றால் 2 மீட்டர். தூரத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புரொஜெக்டர் வாங்கி இரண்டு மாதமாகிறது, இன்னும் பிரிக்கவில்லை. நாளை மறுநாள் முக்கியமான பிரசென்டேஷன். என் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது அடாப்டர் வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டு மாதமாகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களா? எல்லா யூஎஸ்பி-சி துளையும் வீடியோ அனுப்பாது. சில லேப்டாப்பில் சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். உங்கள் மாடலின் விவரத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று இருந்தால் எச்டிஎம்ஐ அடாப்டர் வேலை செய்யும். இல்லையென்றால் ஃபைலை பென் டிரைவில் போட்டு வேறு லேப்டாப்பைக் கடன் கேளுங்கள். எதுவானாலும் இன்று ராத்திரியே மாட்டிப் பாருங்கள். திருப்பித் தரும் கெடு எப்போதோ போயிருக்கும்.

கேள்வி: பழைய புரொஜெக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. லேம்ப் 300 மணி நேரம்தான் ஓடியதாக மெனு காட்டுகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மெனுவிலேயே பூஜ்யமாக்கலாம். புது லேம்ப் போட்டவர்களுக்காக வைத்த வசதி அது, போடாதவர்களும் பயன்படுத்துகிறார்கள். நானும் ‘200 மணி’யை நம்பி ஒன்று வாங்கினேன். மூன்றாம் வாரம் படம் பழுப்பேறியது. லேம்ப் விலை விசாரித்தால், முழு புரொஜெக்டருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல்.

நேரில் போய் அரை மணி நேரம் ஓட விடுங்கள். முழு வெள்ளை ஸ்லைடில் மஞ்சளோ நீலமோ திட்டாகத் தெரிந்தால் உள்ளே பேனல் பக்கம் பழுது. முழுக் கறுப்பு ஸ்லைடில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், டிஎல்பி வகையில் (நுண்கண்ணாடிகளை அசைத்துப் படம் காட்டும் வகை) அந்தக் கண்ணாடிகள் சிக்கிவிட்டன என்று அர்த்தம். புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். ஓட விட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: கறுப்புப் பின்னணி சாம்பலாகத் தெரிகிறது. பழுதா?

பதில்: இல்லை. எந்த புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. விளக்கை அணையுங்கள், அல்லது வெள்ளையில் கறுப்பு எழுத்து போடுங்கள்.

கேள்வி: இடமில்லாமல் ஓரமாக வைத்து, கீஸ்டோனில் படத்தை நேராக்குகிறேன். எழுத்து மங்கலாக இருக்கிறது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: தர மாட்டார்கள். கீஸ்டோன் என்பது பேனலின் ஒரு பகுதியை வீணாக்கி, மிச்சத்தில் படத்தை நசுக்கிக் காட்டுவது. மேசையை நகர்த்துங்கள்.