வேலியை அளந்தால் எல்லை தெரியுமா? எந்தத் தேவைக்கு எந்த நில அளவை

கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் தந்தை 1974-இல் வாங்கிய புன்செய் நிலம், கிரயப் பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்றும், பட்டாவில் 0.46.5 ஹெக்டேர் என்றும் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கம்பி வேலி போட்டார். சென்ற மாதம் தனியார் சர்வேயர் ஒருவரைக் கொண்டு டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்தபோது 1 ஏக்கர் 11 சென்ட்தான் வந்தது. இந்த நிலத்தில் வீடு கட்டவும், பிறகு நானும் தங்கையும் பிரித்துக்கொள்ளவும் எண்ணியிருக்கிறோம். டிரோன் வைத்து அளந்தால் சரியான கணக்கு கிடைக்குமா? அல்லது அரசு சர்வேயரைத்தான் அழைக்க வேண்டுமா?"

முதலில் மூன்று அளவுகளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருவோம். பட்டாவில் 0.46.5 ஹெக்டேர் என்று எழுதுவது 46.5 ஏரைக் குறிக்கும். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கான ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அது ஏறத்தாழ 2.47 சென்ட். எனவே உங்கள் பட்டாவிலுள்ள 46.5 ஏர், 1 ஏக்கர் 15 சென்டுக்கு மிகச் சற்றே குறைவு. அப்படியானால் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே 5 சென்ட் வேறுபாடும், பட்டாவுக்கும் வேலிக்குள் இருக்கும் நிலத்துக்கும் இடையே 4 சென்ட் வேறுபாடும் உள்ளன. மொத்தமாக 9 சென்ட் காணவில்லை என்று நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். முதலாவது ஆவணங்களுக்குள் இருக்கிறது, இரண்டாவது மண்ணில் இருக்கிறது. முதலாவதை எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாது. இரண்டாவதை ஆவணத்தை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது.

மண்ணில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால். தனியார் சர்வேயர் அளந்தது வேலிக்குள் நீங்கள் அனுபவிக்கும் பரப்பை. அந்த அளவு தவறாக இருக்க வாய்ப்பில்லை; டோட்டல் ஸ்டேஷன் சில மில்லிமீட்டர் பிழைக்குள் தூரம் காட்டக்கூடிய கருவி. ஆனால் வேலி சரியான இடத்தில் நிற்கிறதா என்ற கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் அதற்கு விடை சொல்லவில்லை. எல்லை எங்கே என்று சொல்லும் தகுதி, நில அளவைத் துறை ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வைத்திருக்கும் புலப்படத்துக்கு, அதாவது நாம் எஃப்.எம்.பி. என்று சொல்லும் வரைபடத்துக்கும், அதை ஒட்டி நடப்பட்ட அளவைக் கற்களுக்கும்தான் உண்டு.

புலப்படத்தை அரசின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அதைப் பார்த்தால் புலத்தின் குறுக்கே ஓர் அடிக்கோடு செல்வதையும், அதிலிருந்து இருபுறமும் செங்குத்தாகக் கிளைகள் பிரிந்து எல்லையின் வளைவுகளைத் தொடுவதையும், ஒவ்வொன்றின் மேலும் தூரம் எழுதியிருப்பதையும் காண்பீர்கள். அடிக்கோடு ஜி-லைன், புலத்தின் புற எல்லை எஃப்-லைன். அந்த எண்களே சான்று. படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பதில் பயனில்லை, அச்செடுக்கும்போது அளவுத்திட்டம் மாறிவிடும். மிகப் பழைய படிகளில் தூரங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். அதை மீட்டர் என்று எண்ணிக் குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புல அளவையின் அடிப்படை விதி, பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும் என்பது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும் அந்த விதியின் மேல்தான் நின்றது. உங்கள் நிலம் ஒரு பெரிய சர்வே எண்ணின் உட்பிரிவு என்றால், உட்பிரிவின் மூலையிலோ பக்கத்து வேலியிலோ அளவைத் தொடங்கக் கூடாது. முழுப் புலத்தின் அசையாத கற்களில் குறைந்தது இரண்டையாவது கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் புலப்படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அதன் பிறகே உள்ளே வர வேண்டும். உழவில் கல் புதைந்திருக்கலாம், தோட்டங்களுக்கு இடையே செல்லும் இட்டேரிப் பாதையை அகலப்படுத்தியபோது பொக்லைன் பெயர்த்திருக்கலாம். ஆகவே அளவை நாளுக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துக் கற்களைத் தேடி வைப்பது, எந்த நவீனக் கருவியை வாடகைக்கு எடுப்பதையும் விட அதிகப் பயன் தரும்.

இப்போது உங்கள் 4 சென்டை எண்ணிப் பாருங்கள். அது சுமார் 162 சதுர மீட்டர். பக்கத்துத் தோட்டத்தோடு உங்களுக்குப் பொதுவான பொழி, அதாவது எல்லை வரப்பு, 90 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், வேலி 1.8 மீட்டர், அதாவது ஆறடி உள்ளே வந்திருந்தாலே 4 சென்ட் போய்விடும். கைப்பேசிச் செயலியில் நிலத்தைச் சுற்றி நடந்து அளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழைபடக்கூடியது, ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். டிரோன் இதைவிட மிகத் துல்லியமானது; தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை டி.ஜி.பி.எஸ். எனும் பிழை திருத்தும் ஜி.பி.எஸ். கருவியால் முறையாக நிறுவிவிட்டுப் பறக்கவிட்டால் சில சென்டிமீட்டர் வரை நம்பலாம். ஆனால் டிரோன் மேலிருந்து காண்பது வேலியையும் வரப்பையும் தென்னை மட்டைகளையும்தான். மண்ணுக்குள் அரையடி புதைந்த கல்லை அது காணாது. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தையோ மனைப்பிரிவுக்குரிய பெரும் நிலப்பரப்பையோ விரைவாக வரைபடமாக்க அது சிறந்தது. உங்கள் தேவைக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. மத்திய அரசு 2020-இல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தின் டிரோன் அளவையும் கிராமக் குடியிருப்புப் பகுதிகளுக்கானது, புன்செய் நிலத்துக்கு அல்ல.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எஃப்-லைன் அளவை. பட்டாதாரர் கட்டணம் செலுத்தி இணையவழியாகவோ பொதுச் சேவை மையம் வழியாகவோ விண்ணப்பித்தால், குறுவட்ட நில அளவர் பக்கத்து நில உரிமையாளர்களுக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, புலப்படத்தின்படி எல்லையைக் காட்டிக் கல் நட ஏற்பாடு செய்வார். அந்த முன்னறிவிப்பு பக்கத்துக்காரருக்கு உரிய முறையில் சேர்ந்ததா என்பதை உறுதி செய்யுங்கள். அவர் இல்லாமல் நடந்த அளவையை அவர் பின்னர் ஏற்க மறுத்தால், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அளவையில் ஐயம் இருந்தால் மேல்நிலை நில அளவை அலுவலரிடம் மறு அளவை கோரலாம்.

தனியார் சர்வேயரின் வேலையும் வீண் போகவில்லை. அவரிடமே திரும்பச் சென்று, கிடைத்த கற்களின் இடங்களையும் அளந்து, அரசுப் புலப்படத்தைத் தம் வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். வேலி எங்கே, எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குச் சட்ட வலிமை குறைவுதான். ஆனால் அரசு அளவைக்கு விண்ணப்பிக்குமுன் உங்கள் ஐயம் சரியா என்று நீங்கள் அறிந்துகொள்ளவும், பக்கத்துக்காரரோடு அமர்ந்து பேசவும் அது போதும். அளவு தெளிவாகக் கையில் இருந்தால் இத்தகைய தகராறுகளில் பல திண்ணையிலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால்தான் உரிமையியல் நீதிமன்றம். அங்கே நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, நில அளவர் துணையோடு நிலத்தை அளந்து அறிக்கை தரச் செய்யலாம். நில அளவர் எல்லையைக் காட்டுவார், உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காலக்கெடு என்று சொன்னேன். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிரான உரிமை கொண்டாடி வெளிப்படையாக, தொடர்ச்சியாக அனுபவித்து வந்தால், அதை மீட்பதற்கான வழக்கை 12 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வேலி போட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எதிரிடை அனுபவம் எனப்படும் இதை வெறும் வேலியே நிரூபித்துவிடாது. ஆனாலும் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அறிவுடைமை. வேலி போட்ட மாதமும் ஆண்டும் எதில் பதிவாகியிருக்கின்றன என்று தேடி எடுத்து வையுங்கள். இந்த ஆண்டே அளந்துவிடுங்கள், ஆட்சேபத்தை எழுத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

இனி ஆவணத்துக்குள் இருக்கும் 5 சென்ட். உங்கள் பத்திரம் 1974-க்குரியது. அதன்பின் 1979-இல் தொடங்கி 1980-களில் தமிழகமெங்கும் யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. இன்றைய பட்டாக்களின் அடிப்படை அந்தப் பதிவுகளே. பரப்பு மாறியதற்கு அப்போது நேர்ந்த எழுத்துப் பிழை காரணமாக இருக்கலாம். பழைய புலம் உட்பிரிவானபோது கிளை வாய்க்காலோ பாதையோ புறம்போக்காகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். 1974-இல் பத்திரம் எழுதியவர் அளக்காமலே பரப்பை மதிப்பிட்டு எழுதியிருக்கவும் கூடும். எது என்று அறிய, ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பையும் பட்டாதாரரையும் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடான அ-பதிவேட்டில், யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் இப்போதைய அ-பதிவேட்டையும், பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பையும் ஒப்பிட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையிலும் இவற்றின் சான்றிட்ட நகல் கேட்கலாம். உங்கள் தந்தைக்கு விற்றவரிடம் இருந்த முந்தைய பத்திரமான தாய்ப்பத்திரம் எத்தனை சென்ட் என்று சொல்கிறது என்பதையும் பாருங்கள். பதிவுப் பிழை என்று தெளிவாகத் தெரிந்தால், வட்டாட்சியர் வழியே மேல்நிலை வருவாய் அலுவலருக்குத் திருத்த மனு கொடுக்கலாம்.

ஆனால் இதில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் பகுதிப் பத்திரங்களில் செக்குபந்தி என்று எழுதும் நான்கெல்லைக்கும் பரப்புக்கும் முரண்பாடு வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையையே மேலாகக் கொள்கின்றன. உங்கள் செக்குபந்தி இன்றைய புலப்படத்தின் எல்லைகளோடு பொருந்தினால், அந்த 5 சென்ட் மண்ணில் என்றுமே இருந்ததில்லை என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

தங்கையோடு பிரித்துக்கொள்வது இவை முடிந்த பிறகு வர வேண்டியது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு அளக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதுவே அடுத்த தலைமுறையின் வழக்குக்கு விதை. முதலில் புற எல்லை உறுதியாகட்டும். பின்னர் பிரிக்கும் கோட்டை அளந்து, இருபக்க நீளங்களையும் மீட்டரில் குறித்த வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள். "வடபாகம் 57½ சென்ட்" என்று மட்டும் எழுதினால் கோடு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. பதிவுக்குப் பின் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தால், நில அளவர் வந்து அளந்து, புலப்படத்திலேயே புதிய கோட்டையும் புதிய எண்களையும் சேர்ப்பார். கூட்டுப் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வேண்டியது வேறோர் அளவை. அங்கே பரப்பைவிட ஏற்ற இறக்கம் முக்கியம். ஆட்டோ லெவல் கருவியால் தரை மட்டங்களை எடுத்துச் சம உயரக் கோடுகள் வரைந்தால், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தரைத்தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றிலிருந்து விலக்கி எங்கே வைக்கலாம் என்பவை தெரியும். கிணறு, மரங்கள், மின்கம்பம், பாதை ஆகிய அனைத்தையும் அதே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பொறியாளருக்கும் கட்டட அனுமதி விண்ணப்பத்துக்கும் அது உதவும். இந்த வேலையைத் தனியார் சர்வேயரே செய்யலாம்.

எல்லை உறுதியாகும் வரை வேலியை ஒட்டிய பக்கத்தில் கடைக்கால் தோண்ட வேண்டாம். அளவை நாளன்று மூலப் பத்திரம், பட்டா, புலப்படம், சுண்ணாம்பு, போதுமான கற்கள், தோண்ட இரண்டு ஆட்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நட்ட ஒவ்வொரு கல்லையும் பின்னணியில் கிணறோ மரமோ தெரியும்படி படம் எடுங்கள். பக்கத்துக்காரர் ஒப்புக்கொண்டால், அளவை வரைபடத்தில் இரு தரப்பும் அன்றைக்கே கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.