வாசகர் கேள்வி: காய்ந்தது போலத் தெரியும் பாறை

கலிபோர்னியாவில் சாரடோகாவுக்கு மேலே, ஸ்கைலைன் சாலையை ஒட்டி இருக்கிற காசில் ராக் பூங்காவைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். பெரிய ரெட்வுட் மரங்களுக்கு நடுவே கயிறில்லாமல் பாறை ஏறும் போல்டரிங் பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில்.

15 வயது மகன் நண்பர்களோடு அங்கே போகக் கேட்கிறான். கயிறே கிடையாதாம். வயிறு கலங்குகிறது. விடலாமா? – ஒரு தாய், ஃப்ரீமான்ட்

விடுங்கள். முதல் தடவை மட்டும் நீங்களும் கூடப் போங்கள். ஏறுவது பெரும்பாலும் மூன்று, நான்கு மீட்டர்தான். கோட் ராக் மாதிரி உயரமானவையும் அங்கே உண்டு. அவற்றில் கயிறு போட்டு ஏறுவார்கள்.

உயரத்தைவிடத் தரைக்குத்தான் நான் பயப்படுவேன். பாறை ஏறப் பழகும் ஜிம்மில் சுவருக்குச் சுவர் மெத்தை. காட்டில், பையன்கள் முதுகில் சுமந்து வரும் கிராஷ் பேட் என்கிற மெத்தை ஒன்றோ இரண்டோதான். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடுக்கு, அதில் ஒரு வேர்: கணுக்கால் போவது அங்கேதான். விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவாயா என்று மகனிடம் கேளுங்கள். "ஆமா" என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஜிம்மிலேயே இருக்கட்டும். முழங்காலை மடக்கி இறங்கி, கையை மார்போடு வைத்து, அப்படியே முதுகில் உருள வேண்டும். கீழே நிற்கிற நண்பனின் வேலை தாங்கிப் பிடிப்பது இல்லை. தலை மெத்தைக்கு வெளியே போகாமல் திருப்பிவிடுவது. அப்புறம், ஏறுமுன் இறங்கும் வழியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். உச்சியில் உட்கார்ந்து இறங்கத் தெரியாமல் முழித்த பெரிய மனிதர்கள் உண்டு. நானும் ஒருத்தி.

ரெட்வுட் என்பது நம் செம்மரம்தானே? – ஒரு வாசகர், சென்னை

இல்லை ஐயா. ஆந்திரக் காடுகளிலிருந்து கடத்துகிறார்களே, அந்தச் செம்மரம் வேங்கை மரத்துக்கு உறவு. ரெட்வுட் ஊசியிலை மரம். வடக்கு கலிபோர்னியாவில் நிற்கும் உயரமான ஒன்று சுமார் 116 மீட்டர். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை இரண்டாக அடுக்கினாலும் எட்டாது. இந்தப் பூங்கா இருக்கிற சாண்டா குரூஸ் மலைகளில் பழைய மரங்களை நிறைய வெட்டிவிட்டார்கள். 1906 பூகம்பத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டவும் மரம் இங்கிருந்து போனது. வெட்டிய அடிமரத்தைச் சுற்றி, வாழைக்கன்று மாதிரி, புதுசு வட்டமாக முளைத்து வரும். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவிப் பக்கத்து மரத்தோடு பின்னிக்கொள்கின்றன. அதனால்தான் பாதையை விட்டு மிதிக்காதே என்கிறார்கள்.

வியாழன் மழை நின்றது. சனிக்கிழமை ஏறலாமா? – ஒரு வாசகர், சான் ஹோசே

வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நான் ஏறினேன்.

ஒரு ஜனவரி ஞாயிறு. இரண்டு நாளாக வெயில். பாறை தொட்டால் சொரசொரவென்று காய்ந்திருந்தது. வலது கை ஒரு நல்ல பிடியில். இட்லி அளவு இருக்கும். இழுத்தேன், பிடி கையோடு வந்துவிட்டது. மெத்தையில்தான் விழுந்தேன், அடி இல்லை. எழுந்து போய் உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஈர நாட்டுச்சர்க்கரை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது.

அங்கே இருப்பது மணற்கல். மணலை ஒட்டவைத்திருக்கும் சுண்ணச் சத்து மேற்பரப்பில் கூடி ஓடு மாதிரி இறுகியிருக்கும், உள்ளே இளசு. தேன்கூடு போலக் குழிகள் வருவதும் இதனால்தான். மழைநீர் உள்ளே ஊறிவிட்டால் பலம் குறைந்துவிடும். மேலே காய்ந்தும் உள்ளே காயாது. குளிர்காலத்தில் மர நிழலில் இருக்கும் பாறைக்கு மூன்று நாள்கூடப் போதாமல் போகும். மழையே இல்லாவிட்டாலும் மூடுபனி ஏறி வந்த காலையில் மரங்கள் அதை வடித்துச் சொட்டிக்கொண்டிருக்கும். வெட்டவெளி காய்ந்திருக்க, மரத்தடி மட்டும் நனைந்திருக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான்: பாறை அடியில் விரலால் மண்ணைக் கொஞ்சம் தோண்டுவேன். ஈரம் தட்டினால் திரும்பிவிடுவேன். நான் உடைத்த பிடி இன்னும் வெளுத்த தழும்பாகத் தெரிகிறது. அந்த வழியில் ஏற வருகிறவர்கள் அங்கே கை வைத்துத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பேன்.

போய் வந்த மறுநாள் முன்கை முழுக்க அரிப்பு, கொப்புளம். பாறை ஒத்துக்கொள்ளவில்லையா? – ஒரு வாசகி, சன்னிவேல்

பாறைமீது பழி போடாதீர்கள். பாய்சன் ஓக் செடியாகத்தான் இருக்கும். மூன்று மூன்றாக இலை. குளிர்காலத்தில் இலையே இல்லாத வெறுங்குச்சியும் அரிக்க வைக்கும். நம் ஊர் வண்ணார் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டை, மாம்பால், முந்திரிக்கொட்டை எண்ணெய் எல்லாம் ஒரே குடும்பம், அதே வித்தை. பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவினால் பாதி தப்பிக்கலாம். முகத்துக்கோ கண்ணுக்கோ வந்தால் டாக்டரிடம் போங்கள். அந்த மெத்தையையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அதிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வாரமும் உங்களோடு வரும்.