ஓலைக் கருப்புக்கு மருந்து கேட்கிறீர்கள், குளவி இருக்கிறதா பார்த்தீர்களா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை, பாதி குட்டை ரகம், இளநீருக்கு விடுகிறேன். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி அப்பியதுபோல் ஆகிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தேன், ஒரு வாரம் அடங்கிவிட்டு முன்னைவிட அதிகமாக வருகிறது. இப்போது பூஞ்சாணக்கொல்லி அடி, வேரிலும் மருந்துப் பை கட்டு என்கிறார்கள். எதைச் செய்யட்டும் சார்?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தக் கருப்பு மரத்துக்கு வந்த நோயே இல்லை. ஈ கழிக்கிற இனிப்புப் பிசுக்கு கீழ் ஓலையில் சொட்டி, அதன்மேல் வளர்கிற கரும்பூசணம், அவ்வளவுதான். மைதாவைக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்து அடித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும், நல்ல மழை பெய்தால் அதுவும் தேவையில்லை. காயங்குளத்தில் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கரும்பூசணத்தையே மேய்கிற ஒரு சின்ன வண்டைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் உங்கள் கடை மருந்து கொல்லும்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி, 2016-ல் நம் பொள்ளாச்சியில்தான் இந்தியாவில் முதலில் பிடிபட்டது. அதோடு கூடவே என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும், யாரும் கொண்டுவந்து விடாமலே, வந்து சேர்ந்திருந்தது. கடுகில் பாதிகூட இராது. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், உள்ளேயே தின்று வளரும். மருந்து படாத பல தோப்புகளில் குஞ்சுகளில் பாதிக்கு மேல் இப்படி இதனாலேயே சாகின்றன. நீங்கள் மருந்து அடித்தபோது மெழுகுப் படலத்துக்குள் பதுங்கியிருந்த குஞ்சு நிறையத் தப்பித்தது, வெளியே பறந்த குளவி செத்தது, அப்புறம் ஈ இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்?

அதனால் முதலில் ஒரு கை லென்ஸ் வாங்குங்கள். கீழ்மட்டை ஓலை ஒன்றை அறுத்து அடிப்பக்கத்தைத் திருப்பி, வெள்ளைப் பஞ்சை விரலால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈக்குஞ்சு இருக்கிற சின்னக் கூடுகள் தெரியும். மஞ்சளாக இருக்கிற கூடு உயிருள்ள ஈ, கருத்துப் போனது குளவி புகுந்தது. காலிக் கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயிருக்கிறது, முதுகு ஆங்கில ‘T’ வடிவில் கிழிந்திருந்தால் ஈ. நூறு கூட்டில் முப்பது நாற்பது கருத்திருந்தாலே மருந்துக் கேனை மூடி வைத்துவிடலாம் என்பேன். ஒன்றுமே கருக்கவில்லை என்றால் மருந்தடிக்காத பக்கத்துத் தோப்பில் கருத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளை வாங்கிவந்து உங்கள் மரங்களில் செருகிவிடுங்கள். குட்டை மரங்களில் இருந்து தொடங்குங்கள், ஈக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைத் தோப்பில் ஆங்காங்கே ஆளுயரத்தில் கட்டலாம், பறக்கிற ஈ கொஞ்சம் ஒட்டும்.

கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். குளவியைப் பாட்டிலில் அடைத்துக் கடனுக்குக் கொடுக்க அவரால் முடியாதே! ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்த கம்பெனி மருந்து, அதுவும் கேட்காவிட்டால் இரண்டையும் கலந்து அடி, இதுதான் அங்கே கிடைக்கிற விஞ்ஞானம். இந்த ஈயால் மரம் சாகாது, காய்ப்பு கொஞ்சம் குறையலாம், தண்ணீரும் தொழுவுரமும் ஒழுங்காகப் போனால் மரம் தேறிக்கொள்ளும்.

வேர் மருந்து விஷயம்: மரத்துக்குள் ஏறுகிற விஷம் இளநீருக்கும் போகும். ஏற்கெனவே எந்த மரத்திலாவது கட்டியிருந்தால் பட்டையில் சுண்ணாம்புக் குறி போட்டுவிடுங்கள், 45 நாள் வரை அதில் ஒரு குலையும் வெட்ட வேண்டாம், வியாபாரி வண்டியோடு வந்து நின்றாலும் சரி.