அவனுக்குத் தராததை நான் எப்படி உண்பது?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 32 வயதாகிறது. தருமபுரி மாவட்டத்தில் காரிமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் கணவர், மாமியார், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். கணவருக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. நான் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன்.

2023-ஆம் ஆண்டு இரண்டாவது முறையாகக் கருவுற்றிருந்தேன். ஏப்ரல் கடைசியில், ஆறாம் மாதம் முடியும் நேரத்தில், குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தபோது சர்க்கரை 168 என்று வந்தது. சோற்றைக் குறைத்து இனிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வாரத்தில் வரும்படி சொன்னார்கள். தோப்பில் காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டதால் அழைத்துப் போக ஆளில்லை என்று நானே தள்ளிப்போட்டு, நான்கு வாரம் கழித்துத்தான் போனேன். அந்த நாட்களில் வீடு முழுவதும் செந்தூராவும் பங்கனப்பள்ளியும் பழுத்துக் கிடந்தன. இரவில் கணவர் ஆசையாக அறுத்துக் கொடுத்த துண்டுகளை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் உண்டேன். ஜூன் கடைசியில், 34-ஆம் வாரத்தில், ஒரு மாலை வயிற்றில் அசைவு குறைந்ததுபோலத் தோன்றியது. பிள்ளை உறங்குகிறது என்று எண்ணி நானும் உறங்கிவிட்டேன். மறுநாள் காலையில் மருத்துவமனையில் இதயத் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். ஆண் குழந்தை. முகத்தை ஒரே ஒரு முறை காட்டினார்கள். கணவரும் கொழுந்தனாரும் அன்றே தோப்பின் ஓரத்தில் புளிய மரத்தடியில் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் இன்றுவரை அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மாமியார் மல்லிகைப் பூவை வைத்து மார்பைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். ஆனாலும் அதன்பிறகு என்னால் பூ வைத்துக்கொள்ள முடியவில்லை. ஊரில் எல்லோரும், "பேர் வைக்காத பிள்ளை, மனதைத் தேற்றிக்கொள், அடுத்ததைப் பெற்றுக்கொள்" என்றே சொன்னார்கள்.

சென்ற மாதம் பரிசோதித்தபோது எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் இருப்பதாகவும், இப்போதே உணவை மாற்றி நடக்கத் தொடங்கினால் நீரிழிவைத் தள்ளிப்போடலாம் என்றும் மருத்துவர் கூறினார். வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தேன். இட்லியை நிறுத்தினேன். எல்லோருக்கும் களியும் கீரைக் கடைசலும் என்று ஆக்கினேன். ஆனால் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது செய்யாததை இன்று என் உயிருக்காகச் செய்கிறேனே என்ற எண்ணம் வந்து, பாதியில் எழுந்துவிடுகிறேன். பிறகு நள்ளிரவில் எழுந்து, மீதமிருக்கும் சோற்றில் சர்க்கரையைக் கொட்டிப் பிசைந்து, நின்றபடியே உண்கிறேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன வாரம் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு தேன் மிட்டாய் இருந்ததைப் பார்த்து அவளை அடித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "இதைத் தின்றால் நானும் தம்பி மாதிரி செத்துப் போவேனா அம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். மீண்டும் மாம்பழப் பருவம் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்குள் பழம் வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன். இந்த முறையாவது அறுத்துத் தருவாயா என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஓர் இடத்தில்கூட உங்களை அவனுடைய தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "ஆண் குழந்தை" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டீர்கள். எட்டு மாதம் சுமந்து, பெற்று, முகம் பார்த்து, பாலும் சுரந்த பிறகு, அந்தப் பிள்ளைக்காகத் துக்கப்படும் உரிமை உங்களுக்கு இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தத்தோடு கோபமும் வருகிறது. பெரியவர் இறந்தால் பதினாறு நாள் கூடியிருந்து அழும் நாம், இறந்து பிறந்த குழந்தையைப் பெற்றவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுப்பதில்லை. உலகெங்கும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் 28 வாரத்துக்குப் பிறகு இப்படி இறந்து பிறப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. அத்தனை தாய்மாரில் பெரும்பாலோர் உங்களைப்போலவே வாய்மூடி அடுப்படிக்குத் திரும்பியவர்கள்தாம்.

முதலில் மாம்பழத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனெனில் உங்கள் மனத்தில் வழக்கு அதன்மேல்தான் நடக்கிறது. கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை முழுமையாக வேலை செய்ய விடுவதில்லை. குழந்தைக்குப் போதிய சத்து போய்ச் சேரவேண்டும் என்பதற்காக எல்லாத் தாய்மாரின் உடலிலும் நடப்பதே இது. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுத்தால் சர்க்கரை ஏறாது. ஈடுகொடுக்க முடியாதபோது, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140-க்கு மேல் காட்டுகிறது. உங்களுக்கு 168 வந்தது ஏப்ரலில், காய்ப் பறிப்பு தொடங்கிய நேரத்தில். ஆகவே உங்கள் சர்க்கரையை வீட்டில் பழுத்துக் கிடந்த பழங்கள் உண்டாக்கவில்லை.

ஆனால் "உங்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நீங்கள் அதை நம்பமாட்டீர்கள், அது முழு உண்மையாகவும் இருக்காது. கட்டுப்படாத சர்க்கரை இத்தகைய இழப்புக்கான அபாயத்தைக் கூட்டும் என்பது மருத்துவம் அறிந்ததே. அதே சமயம் நஞ்சுக்கொடியின் கோளாறு, கிருமித் தொற்று, தொப்புள்கொடி முடிச்சு எனக் காரணங்கள் பல உண்டு. எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாமலே போவதும் உண்டு. உங்கள் மகனுக்கு எது நேர்ந்தது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுகளாக நீங்கள் எழுதி வைத்திருக்கும் தீர்ப்புக்கும் அதைவிடப் பெரிய ஆதாரம் ஏதுமில்லை. ஆகவே மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தையின் எடை என்ன, நஞ்சுக்கொடியில் ஏதாவது தெரிந்ததா, அடுத்த கர்ப்பம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று நேராகக் கேளுங்கள். அடுத்த பிள்ளை வேண்டுமா என்பதை ஊரோ மாமியாரோ முடிவு செய்யக்கூடாது. வேண்டும் என்று நீங்கள் இருவரும் எண்ணினால், கருவுறும் முன்பே சர்க்கரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்வதும், கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே பரிசோதிப்பதும் பெரும் பாதுகாப்பு.

நான்கு வாரம் தள்ளிப்போனதையும் அன்றிரவு உறங்கியதையும் பற்றி ஒன்று சொல்கிறேன். பறிப்புக் காலத்தில் ஒரு கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஒரு வீட்டில் ஆளில்லை என்றால், அந்தத் தவறு அந்த ஒருத்தியின் கணக்கில் மட்டும் எழுதப்படவேண்டியது அன்று. எட்டாம் மாதத்தில் அசைவு குறைந்தால் விடியும் வரை காத்திராமல் உடனே போகவேண்டும் என்பதை யாராவது உங்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் உறங்கியதும் தெரிந்தே விட்டுவிட்டதும் ஒன்றல்ல.

இனி உங்கள் தட்டுக்கு வருகிறேன். நள்ளிரவில் நின்றபடி சர்க்கரைச் சோறு உண்பதை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் முதலில் தெரிவது பசி. பகல் முழுவதும் அரைத் தட்டோடு எழுந்துவிடும் உடல், உறக்கமும் இல்லாதபோது, மிக எளிதில் கிடைக்கும் இனிப்பைத் தேடத்தான் செய்யும். அதன்கீழ் இன்னொன்றும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பகலில் உண்ணும் கீரை உங்களுக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. இரவில் உண்ணும் சர்க்கரை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொண்ட தண்டனை ஆகிவிட்டது. இப்படி இரண்டு வேளையும் வழக்கு மன்றமாகிவிட்ட வீட்டில் எந்த உணவும் உடம்பில் ஒட்டாது.

எனவே நல்ல உணவைத் தொடங்கும் முன்பு துக்கத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுங்கள் என்கிறேன். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கியதுபோல, இழந்தவர்கள் சில நேரம் இழப்பின் பக்கமும் சில நேரம் அன்றாட வாழ்வின் பக்கமும் ஊசல்போலப் போய்வருகிறார்கள், அப்படிப் போய்வருவதே தேறும் வழி. உங்களுக்கு இழப்பின் பக்கம் போக அனுமதியே கிடைக்கவில்லை, அதனால் அது சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணவரிடம் அந்தப் புளிய மரத்தடியைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையைக் கையில் ஏந்திப் போய்க் குழி தோண்டிய மனிதர் அவர். பழத்தை அறுத்துக் கொடுத்த கையும் அவருடையதே. அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் மனத்தில் இருப்பது அவருக்கும் தெரியாது. அங்கே இருவரும் சற்று நேரம் உட்காருங்கள். பெயர் வைக்க நினைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மாமியாரும் வர விரும்பினால் வரட்டும். மல்லிகையைக் கட்டிவிட்ட அவர்களும் ஒரு பேரனை இழந்தவர்கள். பூவை நீங்கள் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

உணவில் உங்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர அதிகமில்லை, உங்கள் ஊர்ச் சமையலே நல்ல சமையல். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகும் வாங்கலாம். ஆனால் களி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை சரியன்று. கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதிலும் நொய் சேர்த்துக் கிளறிய பெரிய உருண்டையோ, நைஸாக அரைத்துக் காய்ச்சிய கூழோ சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். உருண்டையைப் பாதியாக்கி, அவரைக்கொட்டைக் குழம்பையும் கீரைக் கடைசலையும் இரண்டு பங்காக்குங்கள். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். இட்லியைத் துரத்தவேண்டியதில்லை, இரண்டு இட்லியோடு சுண்டலோ பருப்போ சேர்ந்தால் போதும். முக்கியமாக, மாலை ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும், இரவு எட்டு மணிக்குள் உட்கார்ந்து உண்ணும் முழுச் சாப்பாடும் இருந்தால் நள்ளிரவுப் பசி பாதியாகக் குறையும். அப்படியும் ஓர் இரவு எழுந்தால், தட்டில் போட்டு உட்கார்ந்து உண்ணுங்கள், மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் மருத்துவர் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் உங்கள் ஊருக்கும் வருவார்; அவரிடமே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லலாம்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன்: வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் அன்றே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அப்படி எதுவும் இல்லையென்றாலும், இரண்டு ஆண்டுகளாகத் துக்கம் உங்கள் உறக்கத்தையும் உணவையும் பிடித்து வைத்திருப்பதால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடிதத்தில் நான் எழுதுவதைவிட நேரில் சிலமுறை பேசுவது உங்களுக்கு அதிகம் உதவும்.

மகளிடம் முதலில், அடித்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, "தம்பி அம்மா வயிற்றிலேயே இறந்துவிட்டான். நீ எதுவும் செய்யவில்லை. மிட்டாய் தின்பதால் யாரும் அப்படி இறப்பதில்லை. மிட்டாய் அதிகமானால் பல் கெடும் என்பதால்தான் அளவாகத் தின்னச் சொல்கிறேன்" என்று இதே எளிமையோடு சொல்லுங்கள். தம்பி தூங்குகிறான் என்றோ, சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றோ சொல்லாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை உறங்கவும் கோயிலுக்குப் போகவும் பயப்படத் தொடங்கிவிடும். அவள் மறுபடி கேட்டால் மறுபடி சொல்லுங்கள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழலாம்.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்குக் கிடைக்கட்டும். இந்த ஆண்டு அவள் அப்பா தோப்பிலேயே அறுத்துக் கொடுக்கட்டும். அந்த வாசனை தாங்கவில்லை என்றால் நீங்கள் அங்கே இருக்கவேண்டியதில்லை. நீங்கள் உண்ண விரும்பும் நாள் வந்தால், சாறாக்காமல், பகலில், களியையோ சோற்றையோ குறைத்துக்கொண்டு இரண்டு துண்டு உண்ணலாம் என்று உங்கள் மருத்துவரே சொல்வார். அந்த நாள் இந்தப் பருவத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை. முதல் பழம் பழுப்பதற்குள் புளிய மரத்தடிக்கு மட்டும் போய்வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்