தவறு செய்கிற பிள்ளை விமானி ஆகலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகன் விமானியாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்தை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "கணக்குப் பரீட்சையில் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டு மார்க்கைக் கோட்டை விடுகிறவன். இவனை நம்பி ஒரு விமானம் நிறைய ஜனங்கள் உட்காரலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

உட்காரலாம். தவறே செய்யாத மனிதன் என்று ஒருவன் கிடையாது என்பதை இந்தத் துறை மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே புறப்பட ஓடிய கேஎல்எம் விமானத்தின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர், ஓடுபாதையில் இருந்த மற்ற விமானமான பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 158 பேர் போனார்கள், பிழைத்தவர்கள் 8 பேர். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் காக்பிட் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. விழித்த பிறகும் தூக்கக் கலக்கம் தெளிந்திருக்காது என்று விசாரணை அறிக்கை கருதுகிறது. அன்று மங்களூரில் ரேடாரும் வேலை செய்யவில்லை. விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்து, சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. துணை விமானிக்கு ஆபத்து தெரிந்திருந்தது. 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று மூன்று முறை சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. அப்படி எடுக்கத் துணை விமானிக்கு அதிகாரம் உண்டா என்பதில் விதிமுறைகள் தெளிவாக இல்லாதது காரணமாக இருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. யாருடைய தப்பு என்று ஒரே ஆளைக் கைகாட்ட முடிகிறதா, பாருங்கள்.

இத்தகைய விபத்துகளிலிருந்துதான் இன்றைய பயிற்சி வந்தது. இப்போது காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். எத்தனை அடிக்கு இறங்க வேண்டும் என்று கண்ட்ரோலர் சொன்னால், அதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் அந்த எண்ணைக் கருவியில் வைப்பார். மற்றவர் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்வார். இருபது வருட அனுபவசாலிக்கும் இதே சடங்குதான். இறங்குவது சரிப்படவில்லை என்று மேலே ஏறியதற்காக ஒரு விமானியைத் தண்டிக்கக் கூடாது என்பது நல்ல நிறுவனங்களின் எழுதப்பட்ட கொள்கை. தெரியாமல் நேர்ந்த பிழையைத் தானே வந்து சொன்னவரைத் தண்டிக்காமல், அவரிடமிருந்து பாடம் எடுத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டு வந்தவருக்கும், தெரிந்தே விதியை மீறியவருக்கும் அந்தச் சலுகை இல்லை. இந்தியாவில் பணிக்கு வரும் விமானிகள் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத வேண்டும்.

ஆகவே உங்கள் மகன் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதன் பிறகு என்ன செய்தான்? விடைத்தாளைக் கொண்டுவந்து "இங்கே கோட்டை விட்டுட்டேம்மா" என்று காட்டினானா, அப்பா அடிப்பார் என்று ஒளித்து வைத்தானா? ஒளித்தான் என்றால் அவனைவிட வீட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதை வேண்டியதுதான். ஆனால் மூத்த கேப்டன் தவறாகப் போகும்போது "சார், இது சரியில்லை, மேலே ஏறுங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாளை அவன் உட்காரப்போகிறான். உங்கள் கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து இன்று சொன்னானென்றால், தயவுசெய்து "சரியாச் சொன்னேடா" என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃப்ளையிங் ஸ்கூல் பார்க்கப் போகும்போது ஹாஸ்டலையும் பளபளப்பான புத்தகத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே படிக்கும் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள்: "தம்பி, தனியாப் பறக்கும்போது தரையில் பலமா மோதி இறக்கிட்டீங்கன்னா வந்து சொல்வீங்களா?" சொன்னால்தான் இன்ஜினியர் சக்கரக் கால்களைச் சோதிப்பார், சொல்லாவிட்டால் அடுத்த பையன் அதே விமானத்தில் ஏறுவான். "சார் திட்டுவாரு, சொல்ல மாட்டோம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பறக்காத நேரத்தையும் பறந்த நேரக் குறிப்பேடான லாக்புக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது கண்ணடித்தால், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லட்சங்களைப் பத்துப் பத்தாக விழுங்கும் படிப்பு இது; டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சியின் செலவு தனி. இருக்கிற வீட்டையும் அடகு வைத்து அனுப்பினால், அந்தக் கடன் அவனோடு காக்பிட்டுக்குள் ஏறும். உடம்பு சரியில்லாத நாளிலும் "பறக்க முடியாது" என்று சொல்லத் தயங்குவான். கடன் தாங்காது என்றால் ஏஎம்இ எனப்படும் விமானப் பராமரிப்புப் படிப்பு இருக்கிறது. இயற்பியல், கணிதத்துடன் பிஎஸ்சி அல்லது இன்ஜினியரிங் முடித்து, ஏர்போர்ட் அத்தாரிட்டி தேர்வெழுதி ஏர் டிராஃபிக் கண்ட்ரோலராகவும் போகலாம்.

பைலட் படிப்புத்தான் என்று முடிவானால், கட்டணம் கட்டும் முன், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் விமானிகளுக்கான உடல்தகுதிச் சோதனைகளை, முதலில் கிளாஸ் 2 மெடிக்கலும், அடுத்துக் கிளாஸ் 1-ம் முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறான், சின்ன வயதில் வலிப்பு வந்தது, ஆஸ்துமா மருந்து எடுக்கிறான் என்று எது இருந்தாலும் அந்தப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். பேனா அவன் கையில் இருக்கட்டும்.